அரைத் தீக்குச்சி

அன்பான நேயர்களுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். படம் காட்ட முடியாத வானொலியில் படக்கதை பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், பார்ப்போம்.

முதலில் என் அப்பா. தீக்குச்சியைச் சவர பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார். மருந்துத் தலையும் சரிபாதியாகப் பிளக்க வேண்டும். பிசகினால் குச்சி வீண், அன்று எல்லோருக்கும் வசவு. பென்னாகரம் பக்கம் மானாவாரி நிலம், கேழ்வரகுக்குக் குறைவில்லை. ஆனாலும் களி உருண்டையை எண்ணித்தான் வைக்கவிடுவார். சித்திர நோட்டு வாங்கக் காசு கேட்டு நான் வாங்கிய அறை இன்னும் நினைவிருக்கிறது.

காரணம் கேட்டால் பெரியவர்கள் தாது வருடப் பஞ்சத்தைச் சொல்வார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில், நம் பகுதியும் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. அப்பாவை வளர்த்த பாட்டி அப்போது சிறுமி. பஞ்சத்தைப் பார்த்தது அவர், பயந்தது அப்பா, அடி வாங்கியது நான்.

நடு வயதில்தான் அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மன் தன் அப்பாவைப் பற்றி வரைந்த ‘மௌஸ்’ என்ற படக்கதை கைக்கு வந்தது. 1986, 1991 என இரண்டு பாகங்கள். யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள். ஸ்பீகல்மனின் அப்பா விளாடெக், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர்மீண்டவர். நியூயார்க் வீட்டில் உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டே மகனுக்குக் கதை சொல்கிறார்; கைப்பிடியைப் பிடித்த கையில் முகாமில் குத்திய எண். ஒரே கட்டத்தில் அன்றும் இன்றும்! எழுத்தில் இதற்கு ஒரு பக்கமாவது வேண்டும்.

நான் சொல்ல வந்தது அந்த அடுப்பைப் பற்றி. கோடைக்கு வாடகைக்கு எடுத்த வீட்டில் எரிவாயுச் செலவு வாடகையிலேயே அடக்கம், தீக்குச்சிக்குத்தான் காசு. ஆகவே விளாடெக் நாள் முழுவதும் அடுப்பை எரியவிடுகிறார். இதைப் படித்ததும் சிரித்தேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பாவம், பட்ட கஷ்டம் அப்படி என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் ஸ்பீகல்மன் மாலாவைப் பேசவிடுகிறார். மாலா விளாடெக்கின் இரண்டாம் மனைவி, அவரும் முகாமில் இருந்தவர். நம் நண்பர்கள் எல்லோரும் முகாமுக்குப் போனவர்கள்தான், ஒருவரும் இவரைப்போல் இல்லை என்கிறார். என் அம்மாவும் இதையே சொல்வார். அதே பாட்டியிடம் வளர்ந்த சித்தப்பா, வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. பஞ்சம் உண்மை, அப்பாவின் குணமும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதைக் கழித்துவிட முடியாது. திரும்பத் திரும்பச் சொல்கிறேனோ? என்னால் விட முடியவில்லை.

விளாடெக் தன் முதல் மனைவியின் நாட்குறிப்புகளை எரித்தவர். அதை அறிந்த மகன் அப்பாவைக் கொலைகாரர் என்கிறான். தான் சொன்ன அந்தச் சொல்லையும் ஸ்பீகல்மன் மறைக்காமல் வரைந்திருக்கிறார்.

கண்ணாடிக்கு அப்பால் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். வியட்நாம் அகதிக் குடும்பத்தைப் பற்றி தி புய் என்ற ஓவியர் வரைந்ததைச் சொல்ல நேரமில்லை. அமெரிக்கப் படக்கதை ஓவியர் அலிசன் பெக்டல் பற்றி மட்டும் சொல்கிறேன். 2006-இல் வந்த ‘ஃபன் ஹோம்’ நூலில் தந்தையை வரைய, அவர் நின்றதுபோல் தானே நின்று, புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைந்தார்.

நானும் அப்பாவை வரைய உட்கார்ந்தேன். பிளேடு பிடித்த விரல்கள் பிடிபடவில்லை. சரி என்று நானே பிளந்து பார்த்தேன். ஐந்து குச்சி வீணாயிற்று; ஆறாவது சரியாகப் பிளந்தது. நன்றி, வணக்கம்.