முதலில் பாடம், அப்புறம்தான் கல்லூரி

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணியிலும் பேச வந்திருக்கிறவர்களுக்கும், தோட்டத்து வேலையை முடித்துக் குழந்தை குட்டிகளோடு வந்து உட்கார்ந்திருக்கும் கோபி வட்டாரத்துப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கமுங்க.

மகளிர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கல்லூரியின் பேரா, மகள் விரும்பும் பாடமா? இதுதான் தலைப்பு. நான் பாடம் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், பேர் பெற்ற கல்லூரி என்றால் வேலை கிடைக்கும், பாதுகாப்பு இருக்கும், நல்ல வரன் வரும் என்று மூன்று காரணம் சொன்னார். பிள்ளையைப் பெற்றவர்களின் கவலை அதில் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் பேசி முடிக்கும் வரைக்கும், அந்தப் பொண்ணு என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று ஒரு வார்த்தை வரவில்லையே ஐயா!

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறவள். மே மாசம் ரிசல்ட் வந்ததும் சான்றிதழ் வாங்க அம்மாவோடு வருவார்கள். "எங்க சேரப் போறே கண்ணு?" என்று கேட்டால் கல்லூரியின் பேர் உடனே வரும். "என்ன படிக்கப் போறே?" என்று கேட்டால் பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கும். "அங்க எது கிடைக்குதோ அதுதானுங்க டீச்சர்" என்று அம்மா சொல்வார். செய்முறை வகுப்பில் நுண்ணோக்கியை விட்டு நகராத பிள்ளை, சீட் கிடைத்ததே என்று சம்பந்தமே இல்லாத ஒரு பாடத்தில் போய் உட்காரும். அந்த மூன்று வருஷத்தை அவளுக்கு யார் திருப்பித் தருவார்கள்?

பேர், பேர் என்கிறார்களே, நம்ம பக்கத்துக் கல்லூரிகளுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று யோசித்தோமா? கோயமுத்தூர் அவினாசிலிங்கத்தைத் தெரியாதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். 1957-ல் டி.எஸ்.அவினாசிலிங்கம் ஐயா அதை ஆரம்பித்தபோது அது பெண்களுக்கான மனையியல் கல்லூரி. சமையலும் தையலும் வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாமே, அதற்குப் போய் ஒரு கல்லூரியா என்று இன்றைக்கும் சிலர் கேட்கிற பாடம் அது. அமெரிக்கா போய் ஊட்டச்சத்து படித்துவிட்டு வந்த ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார், அந்தப் பாடத்தையே தன் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டு அங்கே வேலை செய்தார். பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவில் என்ன சத்து இருக்க வேண்டும் என்பது வரைக்கும் அவருடைய உழைப்பு போனது. 1988-ல் அந்தக் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அம்மையார் அதற்குத் துணைவேந்தராகவும் பின்னாளில் வேந்தராகவும் இருந்தார். 1992-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அங்கே பாடம்தான் ஐயா முதலில் வந்தது. பேர் அதற்குப் பின்னால் வந்தது.

தரவரிசையைப் பற்றியும் அண்ணன் சொன்னார். கோயமுத்தூர் பீளமேட்டில் 1963-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி.ஆர். கிருஷ்ணம்மாள் கல்லூரி, 2023-ல் மத்திய அரசின் தரவரிசையில் நாட்டிலேயே நான்காவது கலை அறிவியல் கல்லூரியாக வந்தது. கொங்கு மண்ணுக்கே பெருமை, எனக்கும் பெருமை. ஆனால் அது மொத்தக் கல்லூரிக்கும் சேர்த்துக் கொடுத்த இடம். உங்கள் மகள் உட்காரப் போவது ஒரே ஒரு துறையில். அந்தத் துறையில் ஆசிரியர்கள் எத்தனை பேர், ஆய்வகம் எப்படி, போன வருஷம் முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று நீங்கள்தான் நேரில் போய் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று, பணம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல குடும்பங்கள் சேர்க்கை முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அரசு உதவி பெறும் கல்லூரி என்று பலகையில் இருக்கும். ஆனால் உள்ளே எய்டட், செல்ஃப் பைனான்ஸ் என்று இரண்டு வகை இருக்கும். எய்டட் பாடத்துக்கு ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது, அதனால் கட்டணம் குறைவு. செல்ஃப் பைனான்ஸ் பாடத்துக்கு அந்தச் சம்பளமும் நம்ம கட்டணத்திலிருந்துதான் போக வேண்டும். கணிதம், இயற்பியல், பொருளாதாரம் மாதிரி பழைய பாடங்கள் பெரும்பாலும் எய்டட். புதிதாக வந்தவை பெரும்பாலும் செல்ஃப் பைனான்ஸ். கேட் ஒன்று, பேர் ஒன்று, கட்டுகிற ரசீது வேறு வேறு! பேரை மட்டும் பார்த்துவிட்டு நகையை அடகு வைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

பாதுகாப்பு என்றார்கள். நாம் பேசுவதே மகளிர் கல்லூரிகளைப் பற்றித்தான். ஈரோட்டுத் திண்டலில் வேளாளர் கல்லூரி 1970-லிருந்து இருக்கிறது, நம்ம கோபியில் பி.கே.ஆர். 1994-லிருந்து இருக்கிறது, திருப்பூரில் எல்.ஆர்.ஜி., நாமக்கல்லில் கவிஞர் ராமலிங்கம் பேரில் அரசு மகளிர் கல்லூரி. மகள் கேட்கும் பாடம் இவற்றில் இருந்தால் தினமும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படிக்கலாம். கோவையில்தான் இருக்கிறது என்றால் கோவைக்கு அனுப்புங்கள், விடுதியில் விடுங்கள். நான் பக்கத்தில் போடுங்கள் என்று வாதாட வரவில்லை. தூரத்தையும் பாடம் முடிவு செய்யட்டும் என்கிறேன்.

வேலையா? திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிற வீட்டிலேயே, ஆடை வடிவமைப்பு படிக்கிறேன் என்கிற மகளை "தையல் படிக்க காலேஜா?" என்று கேட்டு மடக்குகிறார்கள். உலகத்துக்கே துணி அனுப்புகிற ஊரில் அந்தப் படிப்புக்கு வேலை இல்லாமல் போகுமா ஐயா?

கடைசியாக வரன். கொஞ்சம் வருத்தத்தோடுதான் இதைச் சொல்கிறேன். சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நம்ம பக்கத்து நூல் மில்களில் இருந்தது. தென் மாவட்டங்களிலிருந்தெல்லாம் பொண்ணுகளைக் கூட்டி வந்து, மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்னார்கள். அந்த மூன்று வருஷம் அவர்களுடையதாகவே இல்லை. பட்டப்படிப்பும் மூன்று வருஷம்தான். கல்யாணப் பத்திரிகையில் போட ஒரு கல்லூரிப் பேர் வேண்டும் என்று அந்த மூன்று வருஷத்தையும் கணக்குப் போடாதீர்கள்.

2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தைப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில் படித்த பொண்ணு மேலே படித்தால், மாசம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. பேர் பெற்ற கல்லூரி, பேர் இல்லாத கல்லூரி என்று தொகையில் வித்தியாசம் இல்லை. அரசாங்கமே பொண்ணை நம்பி அவள் கணக்கில் போடுகிறபோது, வீட்டில் இருக்கிற நாம் அவளிடம் ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? "நீ என்ன படிக்கணும் அம்மணி?" என்று கேளுங்கள். அவள் பதில் சொன்ன பிறகு, கல்லூரிப் பட்டியலை எடுத்து வைத்து எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள்.

நடுவர் ஐயா, பாடமே முதல் என்று தீர்ப்பு தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கமுங்க.