ஜொள்ளு நிக்கவே மாட்டேங்குதா? மோவாயைத் துடைக்கிறதை விட்டுட்டு உதட்டைப் பாருங்க

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் மெதுவாத்தான் பேசப்போறேன், பையன் இப்பதான் பக்கத்து ரூம்ல தூங்கினான், அரை மணி நேரம் கிடைக்கும்னு நினைக்கிறேன், அதுக்குள்ள சொல்லிடணும். இங்க பாருங்க, என் கையில இருக்குறது இன்னைக்குக் காலையில இருந்து கழட்டின பிப், அதான் ஜொள்ளு சட்டையில படாம கழுத்துல கட்டுற துணி. மூணு. கழுத்துப் பக்கம் தெரியுதா, முழுக்க ஈரம். ஒரு வருஷம் முன்னாடி இந்த வீடியோ எடுத்திருந்தா இந்நேரத்துக்கு ஒரு பக்கெட் நிறைஞ்சிருக்கும், பிப்போட சேர்த்து டிஷர்ட்டும். அதனால மூணுங்குறது எங்களுக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

அவனுக்கு இப்ப 3 வயசு 2 மாசம். கைக்குழந்தைன்னா ஜொள்ளு வடியும், அது எல்லாருக்கும் தெரியும், 3 மாசம் வாக்குல ஆரம்பிக்கும், அப்புறம் பல்லு முளைக்கும்போது இன்னும் ஜாஸ்தியாகும். நிறைய பிள்ளைங்களுக்கு ஒன்றரை வயசு வாக்குல குறைய ஆரம்பிச்சிடும், 2 வயசு வரைக்கும் வடிஞ்சாக்கூட பயப்பட ஒண்ணும் இல்ல, சிலருக்கு அதுக்கு மேலயும் கொஞ்ச நாள் இழுக்கும். ஏன்னா கடைசி கடவாய்ப்பல்லு 2 வயசுல இருந்து 3 வயசுக்குள்ளதான் வரும், அந்த நேரத்துல திரும்பவும் ஒரு ரவுண்டு வடியும். 4 வயசு தாண்டி, முழிச்சிருக்கும்போதே சட்டை நனையுற அளவுக்கு வடியுதுன்னா அதை டாக்டருங்க சாதாரணமா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா அதுக்காக 4 வயசு வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும்னு இல்ல, அதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

அவனுக்கு ரெண்டு வயசு ஆகுற வரைக்கும் எனக்குப் பதில் ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு, பல்லு முளைக்குது, சரியாயிடும். யாரைக் கேட்டாலும் அதான். நானும் அதையே பிடிச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டே கால் வயசுல ஒரு நாள் விளையாட்டு இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன், இவன் ஒரு பொம்மைய எடுத்து இன்னொரு பாப்பா கையில குடுத்தான், ஆசையாத்தான் குடுத்தான், அந்த அம்மா வந்து சட்டுனு அதைப் பிடுங்கி துடைச்சுட்டு "அவன்கிட்ட போகாத, எல்லாம் எச்சி"ன்னு சொன்னாங்க. அவங்க மேல எனக்கு இப்ப கோபம் இல்ல. ஆனா இவனுக்குப் புரிஞ்சுது. அன்னைல இருந்து சட்டைக் கையை இழுத்து வாயை மூடிக்க ஆரம்பிச்சான். அந்த ஈரமான கை நாள் முழுக்க மோவாயில உரசி உரசி தோலு செவந்து போச்சு. அந்த செவப்பைப் பார்த்தப்பதான், இதுக்கு மேல சும்மா இருக்கக்கூடாதுன்னு தோணுச்சு.

சரி, இப்ப நீங்க எனக்காக ஒண்ணு செய்யுங்க. வீடியோ பாத்துக்கிட்டே செய்யலாம். வாயை லேசா திறந்து வெச்சுக்கோங்க, உதடு ரெண்டும் ஒட்டவே கூடாது, அப்படியே உங்க எச்சிலை விழுங்கிப் பாருங்க. முடியுதா? ரொம்ப கஷ்டமா இருக்குல்ல, தொண்டை இழுக்குற மாதிரி இருக்கும். இப்ப உதட்டை மூடிட்டு விழுங்குங்க. எவ்வளவு ஈஸியா போகுது பாருங்க.

இதை எனக்கு முதல்ல செய்யச் சொன்னது எங்க ஸ்பீச் தெரபிஸ்ட், பேச்சுக்கும் விழுங்குறதுக்கும் பயிற்சி குடுக்குறவங்க. எனக்கு விஷயம் புரிஞ்சது அந்த நிமிஷத்துலதான். அதுவரைக்கும் என் பையனுக்கு எச்சில் அதிகமா ஊறுதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்படி இல்ல. பெரியவங்க நமக்கே ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் எச்சில் ஊறுது, நம்ம சட்டை ஏன் நனையல? நம்மள அறியாமலே விழுங்கிக்கிட்டே இருக்கோம், அவ்வளவுதான். ஜொள்ளு வடியுற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஊறுறது சரியாத்தான் ஊறுது, விழுங்குறதுதான் குறைவு. வாய் திறந்தே இருக்கு, நாக்கு முன்னாடி வந்து நிக்குது, கீழ்த்தாடை தொங்குது, எச்சில் பின்னாடி போகாம முன்னாடி தேங்கி ஒழுகுது. அப்போ நம்ம வேலை மோவாயில இல்ல, உதட்டுலயும் மூக்குலயும்தான் இருக்கு.

மூக்கு ஏன்னு கேப்பீங்க. மூக்கு அடைச்சிருந்தா வாயாலதானே மூச்சு விடணும்? வாயால மூச்சு விடுற பிள்ளை எப்படி உதட்டை மூடும்? இவன் ராத்திரி குறட்டை விடுவான், சின்னப் பிள்ளை குறட்டை விட்டா அழகா இருக்குன்னு வீடியோகூட எடுத்து வெச்சிருக்கேன், தலகாணி ஒரு பக்கம் முழுக்க நனைஞ்சிருக்கும், காலைல எழுந்தா உதடு காஞ்சு வெடிச்சிருக்கும். இந்த மூணையும் நான் தனித்தனியா பாத்தேன், சேர்த்துப் பாக்கல. தெரபிஸ்ட் ஒரு சின்ன கண்ணாடியை எடுத்து அவன் மூக்குக்குக் கீழ பிடிச்சு, வாயை ஒரு நொடி மூடச் சொன்னாங்க. ரெண்டு மூக்கு ஓட்டையில இருந்தும் மூச்சு வந்தா கண்ணாடியில ரெண்டு வட்டமா ஆவி படியணும். இவனுக்கு ஒரு பக்கம் மட்டும் சின்னதா ஒரு புள்ளி மாதிரி படிஞ்சுது, அடுத்த செகண்ட் வாயைத் திறந்துட்டான், மூச்சு முட்டிடுச்சு பாவம். உடனே இ.என்.டி, அதாவது காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கன்னு அனுப்பினாங்க. மூக்குக்குப் பின்னாடி இருக்குற அடினாய்டு சதை வீங்கியிருக்கு, அலர்ஜியும் இருக்குன்னு சொன்னாங்க. மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே குடுத்தாங்க, என்ன ஸ்ப்ரேன்னு நான் சொல்லமாட்டேன், ஏன்னா அது டாக்டர் பாத்து குடுக்க வேண்டியது, கேட்டுட்டு வாங்கி அடிச்சிடாதீங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் காலைல தலகாணி காஞ்சிருந்துச்சு. கையை வெச்சு வெச்சு தடவிப் பாத்தேன், நம்பவே முடியல.

எல்லாருக்கும் மூக்குதான் காரணம்னு நான் சொல்லல. சில பிள்ளைங்களுக்கு வாயைச் சுத்தி இருக்குற தசை கொஞ்சம் தளர்வா இருக்கும், சிலருக்கு எந்நேரமும் விரல் சூப்புறதாலயோ சூப்பான் வாயிலயே இருக்குறதாலயோ உதடு மூடுற பழக்கமே வராது, சொத்தைப்பல்லு வாய்ப்புண்ணு இருந்தாலும் வடியும். அதனாலதான் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்றேன்.

மூக்கு சரியானதும் ஜொள்ளு அப்படியே நின்னுடுச்சான்னா, இல்ல. ரெண்டு வருஷமா வாயைத் திறந்தே வெச்ச பிள்ளைக்கு மூடுறது ஒரு புது வேலை. கட்டையை அடுக்கும்போது பாக்கணும் நீங்க, நாலாவது கட்டையை மேல வைக்கும்போது மூச்சைக்கூட பிடிச்சுக்குவான், கண்ணு அங்கேயே இருக்கும், கீழ் உதடு மெதுவா கீழ இறங்கும், நுனியில ஒரு சொட்டு திரண்டு, நூல் மாதிரி நீண்டு, கட்டை மேல விழும். அவனுக்குத் தெரியவே தெரியாது. மோவாய் எப்பவும் ஈரமாவே இருந்தா ஈரம்ங்குற உணர்வே போயிடுமாம். அந்தப் பிள்ளைகிட்ட போய் "வாயைத் துடை, வாயைத் துடை"ன்னு நாள் முழுக்க சொன்னேன் நான், அவனுக்கு எப்படித் தெரியும் எதைச் சொல்றேன்னு?

இப்ப அந்த வார்த்தையை வீட்டுல யாரும் சொல்றதில்ல. அதுக்குப் பதிலா "உதட்டை மூடு, முழுங்கு". மூணே வார்த்தை. சொல்லிட்டு நானும் அவன் முன்னாடி உதட்டை மூடி முழுங்கிக் காட்டுவேன். முழுங்கின பிறகுதான் துடைக்கிறது, அதுவும் தேய்க்கிறது இல்ல, காஞ்ச பருத்தித் துணியை மோவாயில வெச்சு லேசா அழுத்தி, கீழ இருந்து உதட்டுப் பக்கம் மேல தள்ளி ஒரு ஒத்து. இப்படி. பாருங்க, என் மோவாயிலயே காட்டுறேன், கீழ் உதடு தானா போய் மேல் உதட்டுல ஒட்டுது பாத்தீங்களா. பக்கவாட்டுல பரபரன்னு தேய்ச்சா தோலும் போகும், வாயும் திறந்தேதான் இருக்கும்.

அப்புறம் ஸ்ட்ரா. மூடியில குழாய் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற சிப்பர் கப்பை தூக்கி வெச்சுட்டோம், ஸ்ட்ராலயும் சாதா டம்ளர்லயும்தான் குடிக்கிறான். ஸ்ட்ராவை உதட்டு நுனியால மட்டும் பிடிக்கணும், பல்லுல கடிச்சா பிரயோஜனம் இல்ல. சோப்பு நுரைக்குமிழி ஊதுறது, கண்ணாடி முன்னாடி நின்னு ம்ம்ம்ம், ப்ப்ப்ப்பா சொல்றது, முத்தம் குடுக்குற மாதிரி உதட்டைக் குவிக்கிறது, இதெல்லாம் விளையாட்டாதான் செய்யுறோம், ஒரு தடவைக்கு மூணு நிமிஷம் நாலு நிமிஷம், அதுக்கு மேல அவன் இருக்கமாட்டான், நானும் இழுத்துப் பிடிக்கிறதில்ல. மென்னு சாப்பிடுற மாதிரி சாப்பாடு குடுங்கன்னு சொன்னாங்க, அவன் வயசுக்கு தொண்டையில சிக்காததா பாத்து. வெறும் ஊதுறதும் மெல்லுறதும் செஞ்சா நின்னுடும்னு யாராவது சத்தியம் பண்ணா நம்பாதீங்க, முழுங்க ஞாபகப்படுத்துறதோட சேர்ந்தாதான் எங்களுக்கு மாற்றம் தெரிஞ்சுது. தண்ணியை மட்டும் குறைச்சிடாதீங்க. எச்சில் குறையட்டும்னு தண்ணியைக் குறைச்சா எச்சில் கெட்டியாகி விழுங்குறது இன்னும் கஷ்டமாகும்.

தோலுக்கு வரேன். தூங்கப் போறதுக்கு முன்னாடியும் சாப்பாட்டுக்கு முன்னாடியும் மோவாய், கழுத்து மடிப்பு ரெண்டையும் வெறும் தண்ணியில நனைச்ச துணியால ஒத்தி, நல்லா காய விட்டு, வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசா ஒரு கோட். ஈரத்து மேல தடவினா ஈரத்தை உள்ளயே பூட்டி வெச்ச மாதிரி ஆயிடும், அதனால காயுறது முக்கியம். வாசனை போட்ட ஈரத் துடைப்புத் தாள் (வெட் வைப்ஸ்) வேண்டாம், எரியும். பிப் நனைஞ்சதும் மாத்திடுங்க, ஈரப் பிப்தான் கழுத்தை அறுக்கும். தூங்கும்போது பிப் கண்டிப்பா கழட்டிடணும், கழுத்துல இறுக்கிக்கும். கழுத்து மடிப்புல பளபளன்னு செவந்து சுத்தி சின்னச் சின்னப் புள்ளி இருந்தா அது பூஞ்சையா இருக்கலாம், தேன் கலர்ல பொருக்கு கட்டினா கிருமித் தொற்றா இருக்கலாம், ரெண்டுக்கும் ஜெல்லி போதாது, டாக்டர்கிட்ட போங்க. பல்லு வருதுன்னு ஈறுல தடவுற, மரத்துப்போக வைக்கிற ஜெல் பத்தி ஒரு வார்த்தை, பென்சோகெய்ன் இருக்குற ஜெல்லை 2 வயசுக்குள்ள குழந்தைங்களுக்குப் போடவே கூடாதுன்னு 2018லயே அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ எச்சரிச்சிருக்கு, ரத்தத்துல ஆக்சிஜன் குறையுற ஆபத்து இருக்கு. பல்லுக்குன்னு போடுற மணிமாலையும் வேண்டாம், மணி அறுந்தா தொண்டையில சிக்கும்.

இதை மட்டும் தள்ளி விடாம கேளுங்க. நான் இதுவரைக்கும் பேசினது மாசக்கணக்கா வடியுற ஜொள்ளு. திடீர்னு, நேத்து வரைக்கும் இல்லாத பிள்ளைக்கு வடியுது, காய்ச்சல் இருக்கு, எதையும் விழுங்க முடியல, குரல் அமுங்கிப்போச்சு, மூச்சு விடும்போது சத்தம் வருது, முன்னாடி சாஞ்சு கழுத்தை நீட்டி உக்காந்திருக்குன்னா அது வேற. தொண்டை வீங்கியிருக்கலாம். கரண்டியை விட்டு தொண்டையைப் பாக்காதீங்க, படுக்க வைக்காதீங்க, அந்தப் பிள்ளை எப்படி உக்காந்திருக்கோ அப்படியே தூக்கிட்டு எமர்ஜென்சிக்கு ஓடுங்க. காய்ச்சல் இல்லாம திடீர்னு வடிஞ்சு சாப்பிட மறுத்தா எதையாவது விழுங்கியிருக்கலாம், பொம்மையில இருக்குற பட்டன் பேட்டரியா இருந்தா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயை அரிச்சிடும், ஒரு நிமிஷம்கூட வீட்டுல வெச்சுப் பாக்காதீங்க.

செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால தசைக் கட்டுப்பாடு குறையுறது), டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலயே வர்ற மரபணு நிலை) இருக்குற பிள்ளைங்களோட அம்மா அப்பா யாராவது பாத்துக்கிட்டு இருந்தா, நான் சொன்ன ஸ்ட்ராவும் நுரைக்குமிழியும் உங்களுக்குப் போதாம இருக்கலாம். அதுக்கு நீங்க குறைவா முயற்சி பண்றீங்கன்னு அர்த்தமே இல்ல. எச்சில் ஊறுறதைக் குறைக்க மருந்து இருக்கு, கிளைகோபைரோலேட்டுனு ஒண்ணு, நரம்பு சம்பந்தமான பிரச்சினையால வடியுற 3 வயசுல இருந்து 16 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு 2010லயே அமெரிக்காவுல அனுமதி குடுத்துட்டாங்க, மலச்சிக்கல், வாய் காயுறது மாதிரி பக்கவிளைவு உண்டு. அதே மாதிரி எச்சிலைக் குறைக்க எச்சில் சுரப்பியில போடோக்ஸ் ஊசியும் போடுறாங்க. டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க, கேக்கலாம், தப்பே இல்ல.

போறதுக்கு முன்னாடி இந்த பேப்பர். எங்க தெரபிஸ்ட் சொல்லி நான் எழுதுறது. 10 நிமிஷம் விளையாடும்போது 15 செகண்டுக்கு ஒரு தடவை பாக்கணும், எச்சில் உதட்டைத் தாண்டி வந்திருக்கா இல்லையான்னு, வந்திருந்தா ஒரு கோடு. மொத்தம் 40 தடவை பாக்குறோம். ஆரம்பத்துல 31 கோடு. போன வாரம் 9. வடியுது வடியுதுன்னு மனசுல இருக்குற பாரம் வேற, இந்த எண்ணிக்கை வேற, டாக்டர்கிட்டயும் இதைக் காட்டினா "எப்பவும் வடியுது"ன்னு சொல்றதை விட அவங்களுக்குப் புரியுது. அந்த 9ல 7 கட்டை அடுக்கும்போது வந்தது. அதனால இந்த வாரம் அஞ்சு கட்டைக்கு ஒரு தடவை நிறுத்தி, ஒரு வாய் தண்ணி ஸ்ட்ராவுல குடிச்சுட்டு, அப்புறம் அடுத்த கட்டைன்னு ஒரு விளையாட்டு வெச்சிருக்கோம். அவனே ஞாபகம் வெச்சு ஸ்ட்ராவைத் தேடுறான் இப்ப.

சத்தம் கேக்குது, முழிச்சுட்டான் போல. தலகாணியைப் போய் தொட்டுப் பாக்குறேன். வரேன்.