வைத்தவன் தண்ணீர் ஊற்றுவானா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் மன்ற உறுப்பினர்களே, இடம் கொடுத்து உதவிய பள்ளி நிர்வாகத்தாரே, முன்வரிசை காலியாக இருந்தும் பின்னாலேயே நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய பொறியாளர் ஐயா நான் சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லிவிட்டார், அதுவும் என்னைவிட நன்றாக.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஊர் நடுவில் மரம் நடப் பணம் எங்கே கிடைக்கும், எந்த மரம் நடலாம், நட்ட பிறகு யார் பொறுப்பு. பணத்தில் தொடங்குகிறேன்.

'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்பார்கள். கடவுளை நம்பச் சொன்ன பழமொழி அது, நாம் அதை நகராட்சி மேல் ஏற்றிவிட்டோம். நடுவதற்குப் பணம் கிடைக்கிறது, அரசு தருகிறது, கம்பெனிகள் தருகின்றன, கூண்டில் பெயர் எழுத நன்கொடையாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கூண்டில் இருக்கும் பெயர் கன்றைவிட உயரம். ஆனால் தண்ணீர் வண்டிக்குப் பணம் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் இல்லை. குடத்தோடு நிற்பவரை யார் படம் எடுக்கிறார்கள்?

ஒரு கதை சொல்கிறேன், என் கண்ணால் பார்த்தது. ஒரு தெருவில் வரிசையாகக் கன்றுகள் வைத்தார்கள், மாலை, மேளம் எல்லாம் உண்டு. முதல் கோடையிலேயே எல்லாம் காய்ந்துவிட்டன, மூலையில் இருந்த ஒன்றைத் தவிர. அது மட்டும் தளதளவென்று வளர்ந்தது. மண் ராசி என்றார் ஒருவர், நட்டவர் கைராசி என்றார் இன்னொருவர், நட்டவரும் அதை மறுக்கவில்லை. அங்கேதான் பூமிக்கடியில் குடிநீர்க் குழாய் உடைந்திருந்தது! வீணாகிறதே என்று புகார் எழுதினேன், ஒன்றல்ல, நான்கு. இரண்டு வருடம் கழித்து ஆள் வந்து ஓட்டையை அடைத்தார்கள். அடுத்த கோடையில் அந்த மரமும் போய்விட்டது. அந்தத் தெருவிலேயே பராமரிப்பு நிதி இருந்த ஒரே மரம் அதுதான், அதையும் புகார் எழுதி நிறுத்தியவன் உங்கள் முன்னால் நிற்கிறேன். (சிரிக்காதீர்கள், தலைவரே சிரிக்கிறார்.)

கென்யாவில் வங்காரி மாத்தாய் அம்மையார் 1977-இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். கன்று வளர்த்த பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள், அதுவும் பிழைத்த கன்றுக்கு. 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது, அது தெரியும். எனக்கு அந்தக் கணக்குதான் பெரிது. நட்டதற்கா காசு, பிழைத்ததற்கா?

எந்த மரம் என்ற கேள்விக்கு வருகிறேன். வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம், பகுதியில் 30 சதவீத நிழல், 300 மீட்டருக்குள் பூங்கா, இப்படி ஒரு விதியை 2021-இல் நகர மரங்களை ஆராயும் அறிஞர் ஒருவர் முன்வைத்தார், சட்டம் அல்ல, யோசனைதான். நல்ல விதி. ஆனால் நடைபாதைக்கு அடியில் கேபிளும் இறுகிய மண்ணும் இருக்கும்போது ஒரு சாண் குழி தோண்டி எந்த மரத்தை வைத்தாலும் ஒன்றுதான், அதனால் இதை இன்னொரு நாள் பேசுவோம்.

நான் கேட்பது இவ்வளவுதான். எந்தத் திட்டமானாலும் நடும் தொகையில் பாதியைத் தனிக்கணக்கில் வையுங்கள், மூன்று கோடைக்கு, தண்ணீர் ஊற்ற, பட்டுப்போன இடத்தில் மறுகன்று வைக்க. வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்றால் அவன் கையில் குடத்துக்குக் காசு இருக்க வேண்டாமா? மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போடுங்கள். மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வணக்கம்.