ஆளுக்கோர் அறை

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடியிலும் வந்திருக்கும் கோட்டாட்சியர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் என் பொருட்டுக் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கும் நகர்மன்றத் தலைவர் ஐயா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்கு நன்றி. அதன் விலையை உண்டியலில் போட்டிருந்தால் இரட்டிப்பு நன்றி. என்ன உண்டியல் என்கிறீர்களா? பிறகு சொல்கிறேன்.

டோக்கியோ மகளிர் கிறித்தவப் பல்கலைக்கழகத்தின் பிறப்பு, பாடத்திட்டம், கட்டடம் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

பிறந்தது 1918இல். ஜப்பானின் பேரரசுப் பல்கலைக்கழகங்கள் அன்று பெண்களுக்குக் கதவைச் சாத்தியே வைத்திருந்தன. 1913இல் அவற்றில் ஒன்றான தோஹோக்குவில் மூன்று பெண்கள் நுழைந்ததே அதிசயம். நம் மகளிர் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் நிதோபே இனாசோ. அவருக்குப் பின் 1923இல் பொறுப்பேற்றவர் யசுயி தெத்சு அம்மையார். இங்கிலாந்தில் படித்தவர், சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர்.

பணத்துக்கு எங்கே போவது? ஊர் கூடித்தானே தேர் இழுக்க வேண்டும்! இந்தக் கதையை நான் சொல்லாத மேடை இல்லை. முன்பே கேட்டவர்கள் பொறுத்தருள்க. 1920களின் தொடக்கம். ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்குக் கட்டட நிதி திரட்டப் புறப்பட்டார் லூசி பீபாடி என்ற அமெரிக்க அம்மையார். ராக்ஃபெல்லர் நிதியத்தார் நிபந்தனை விதித்தார்கள்: நீங்கள் இருபது லட்சம் டாலர் திரட்டுங்கள், நாங்கள் பத்து லட்சம் தருகிறோம். பணக்காரர் கணக்கைப் பார்த்தீர்களா! அம்மையார் அசரவில்லை. ஆளுக்கு ஒரு டாலர் கொடுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டார்கள், நிபந்தனை நிறைவேறியது. அந்த ஏழில் டோக்கியோ ஒன்று. இன்னும் இரண்டு எவை தெரியுமா? சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி, அன்று மகளிர் மருத்துவப் பள்ளியாக இருந்த வேலூர் மருத்துவக் கல்லூரி! கை தட்டியது போதும், அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விடுங்கள்.

1924இல் டோக்கியோவின் மேற்கே செம்புகுஜிக்குக் குடிபெயர்ந்தார்கள். கட்டடங்களை வரைந்தவர் அந்தோனின் ரேமண்ட். விடுதியில் மாணவிகளுக்கு ஆளுக்கோர் அறை! ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு தனியே படிக்கலாம், தனியே அழக்கூடச் செய்யலாம்.

நம் ஊர் மகளிர் கல்லூரிக்கு விடுதியே இல்லை. கடைசி பஸ் ஐந்தே காலுக்கு. வேதியியல் ஆய்வகத்தில் ப்யூரெட் என்ற சொட்டுக் குழாயைப் பாதியில் மூடிவிட்டு ஓடுகிறாள் ஒரு பெண். கரைசல் நிறம் மாறுவதை அவள் இன்னும் முழுதாகப் பார்த்ததில்லை. அங்கே ஊர் கூடித் தேர் இழுத்தார்கள். நம் தேர் நிலையை விட்டே நகரவில்லை.

தலைவர் மணி அடித்துவிட்டார். பாடத்திட்டத்துக்கு நான் வரவேயில்லை. நம் கல்லூரி விடுதிக்கான உண்டியல் வாசலில், செருப்பு விட்ட இடத்தருகே இருக்கிறது. சில்லறை இல்லை என்பவர்களுக்கு மீதி கொடுக்கவும் ஆள் நிறுத்தியிருக்கிறேன்.