உளைவுக்கு ஒரு சரை தூள்

நேயர்களுக்கு வணக்கம். நெல்லு வெட்டு முடிந்த கையோடு முழங்கால் உளைவும் நாரிப்பிடிப்பும் தொடங்கிவிடும். படுவான்கரையிலும் சரி, அக்கரைப்பற்றுப் பக்கமும் சரி, முதலில் கை போவது நாட்டு மருந்துக்குத்தான். நொச்சியிலை ஒத்தடத்திலும் முடக்கொத்தான் ரசத்திலும் யாருக்கும் தகராறில்லை. நான் பேச வந்தது கடதாசிச் சரையில் மடித்து விற்கும் பேர் ஊர் இல்லாத தூளைப் பற்றி.

நம் இலங்கையில் மருந்து விற்பனைக்கு வர இரண்டு வாசல் உண்டு. சித்தம், யூனானி எல்லாம் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்துக்குள் வருகின்றன. இங்கிலீசு மருந்துக்கு 2015இல் வந்த ஔடதச் சட்டமும் அதன் அதிகாரசபையும். கடதாசியில் மடித்த சரை இந்த இரண்டு வாசலாலும் வருவதில்லை, வேலியால் பாய்கிறது.

பத்து வருட உளைவு ஓரிரு நாளில் பறந்தால் சந்தோசப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். மூலிகை அப்படி வேலை செய்யாது. டெக்சாமெதசோன் போன்ற, வீக்கத்தையும் வலியையும் அடக்கும் ஸ்டீரோயிட் குளிசையை அரைத்துக் கலந்த தூள் அப்படி வேலை செய்யும். அந்தக் குளிசை ஒன்றில் பெரும்பாலும் இருக்கும் மருந்து அரை மில்லிகிராம். தூளுக்குள் போனால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. சில கிழமையில் பசி கூடும், முகம் வட்டமாக ஊதும், சீனியும் பிரஷரும் ஏறும். மூன்று கிழமைக்கு மேல் சாப்பிட்டவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவதுதான் இன்னும் ஆபத்து. உடம்பு தன் சொந்த ஸ்டீரோயிட் சுரப்பைக் குறைத்திருக்கும். தலைச்சுற்று, வாந்தி, பிரஷர் இறக்கம், சில வேளை மயக்கமும் வரும். டொக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கலப்படமில்லாத செடியும் சாதுவல்ல. வச்சநாபி என்ற நச்சுக் கிழங்கைப் பாலிலோ கோமியத்திலோ வேகவைத்துச் சுத்தி செய்வது சடங்குக்கு அல்ல. வேகும்போது அதிலுள்ள அக்கோனிட்டின் என்ற நஞ்சு உடைந்து வீரியம் வெகுவாகக் குறைகிறது. அரைகுறையாக வெந்தால் முதலில் உதடும் நாக்கும் மரக்கும், பிறகு இதயத்துடிப்பு தாறுமாறாகும். கார்த்திகைப்பூக் கிழங்கில் கொல்சிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதத்துக்குக் குளிசையாகத் தருவதும் அதைத்தான், ஆனால் அளந்து. கிழங்குக்குக் கிழங்கு அளவு மாறும். விழுங்கினால் சில மணித்தியாலத்தில் வாந்தி, வயிற்றோட்டம். அது நின்றவுடன் சுகம் என்று நினைப்பார்கள். ஈரலும் சிறுநீரகமும் எலும்பு மச்சையும் பழுதாவது அதற்குப் பிறகுதான். வெளிப்பூச்சு எண்ணெய்க்கு உரியதை வாயில் போடக்கூடாது.

கஞ்சாவையும் அபினையும் பற்றிக் கேட்பீர்கள். பதிவுபெற்ற ஆயுர்வேத வைத்தியர் அனுமதியோடு மருந்துக்குப் பெறச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. பெட்டிக்கடை லேகியத்துக்கு அந்த இடம் கிடையாது.

எல்லாவற்றையும் தடை செய் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. தடை செய்தால் சரை மேசைக்குக் கீழே போகும், அவ்வளவுதான். கட்டாயமாக்க வேண்டியது சரையில் ஒட்டும் விபரச் சீட்டு. சேர்மானம், ஒவ்வொன்றின் நிறை, தொகுதி இலக்கம், தயாரித்த திகதி, வைத்தியரின் பதிவிலக்கம். பரம்பரைப் பரியாரிமாருக்கு இது பாரமில்லை. நல்ல பரியாரி சேர்மானத்தை ஏற்கனவே கொப்பியில் எழுதித்தான் வைத்திருப்பார்.

கிளினிக்குக்குப் போகும்போது சரையை மறைக்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் கட்டாயம் காட்ட வேண்டும். யாராவது உதடு மரத்தோ வாந்தியெடுத்தோ விழுந்தால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். மிச்சத் தூளைக் கொட்டிவிடாமல், மடித்த கடதாசியோடு ஆளுடன் அனுப்புங்கள்.