தாய்க்கு ஒரு கதிரை

அவைத்தலைவர் அவர்களே, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே,

குறைமாதச் சிசுக்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவை வரையும் கட்டடக் கலைஞன் முதலில் கேட்க வேண்டியது, தாய் எங்கே இருப்பாள் என்பதே. எங்கள் தொழிலில் இக்கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது.

இன்னும் பத்து வாரம் கருப்பையில் இருந்திருக்க வேண்டிய குழந்தை, எச்சரிக்கை மணிகளுக்கும் இன்குபேட்டர் கதவை அறைந்து மூடும் ஓசைக்கும் நடுவே கிடக்கிறது. இத்தகைய பிரிவில் ஒலி 45 டெசிபலைத் தாண்டுவது கவலைக்குரியது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997இல் கூறியது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. கழுவுவதற்கு வசதியென்று நாம் பதிக்கும் மாபிளும் வெறும் சீமெந்துக் கூரையும் அதனை விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. ஒலியை உறிஞ்சும் கூரைக்குச் செலவிடும் பணம் வீணாகாது.

அப்படியானால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியறை கொடுத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், தனியறையில் வளர்ந்த குறைமாதக் குழந்தைகள் இரண்டு வயதில் மொழித்திறனில் பின்தங்கியிருந்தனர். பெற்றோர் அதிகம் வராத அறையில் இரைச்சலோடு பேச்சுக்குரலும் இல்லாமற் போனது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். பெற்றோர் இரவும் பகலும் தங்கக்கூடிய அறைகளை அமைத்த ஸ்ரொக்ஹோமிலோ, 2010இல் வெளியான ஆய்வின்படி, குழந்தைகள் சராசரியாக ஐந்து நாள் முன்னதாகவே வீடு திரும்பினர்.

இதற்குச் செல்வந்த நாடாக இருக்க வேண்டியதில்லை. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுவந்து, பிறந்தவுடனேயே குழந்தையை அவள் மார்போடு அணைத்து வைத்தபோது, 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு நூற்றுக்கு 15.7இலிருந்து 12.0ஆகக் குறைந்ததென 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

1879இல் டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை தொடங்கிய இந்தக் கொழும்பு நகரில், நாம் பெரும்பாலும் பழைய மண்டபங்களையே திருத்தியமைக்கப் போகிறோம். கைகழுவும் தொட்டி எந்தக் கட்டிலுக்கும் 6 மீற்றருக்குள் இருக்கட்டும். அதன் நீர் குழந்தைமேல் தெறிக்கவும் கூடாது. அதன்பின் கதிரை: அது சாய வேண்டும், கைப்பிடி தாழ்ந்திருக்க வேண்டும், குழந்தையின் சுவாசக் கருவிக் குழாய் இழுபடாத தூரத்தில் நிற்க வேண்டும். வரைபடத்திலேயே அதற்கு இடம் குறிக்காவிட்டால், பிறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்தான் வந்து சேரும். சிசேரியன் செய்து மூன்று நாளான தாய் அதில் அரை மணி நேரமும் இருக்கமாட்டாள்.