ஒட்ட மறுத்த ஸ்டிக்கர்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கார்ப் பட்டறை வைத்திருப்பவன் நான். முப்பத்தோரு வருடமாக இதுதான் பிழைப்பு. கார் சம்பந்தமாக எதை வேண்டுமானாலும் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் சொன்னபோது, எஞ்சின் ஆயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன பள்ளி விடுமுறையில் என் அக்கா மகன் கேட்ட ஒரு கேள்வி மனத்தை விட்டுப் போகவே இல்லை. அதையே இன்று பேசுகிறேன்.

அவனுக்குப் பதினாறு வயது. எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கார்ப் பந்தய விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். நீட் ஃபார் ஸ்பீட் வரிசையில் 2019-இல் வந்த ஹீட். நிஸான் இருக்கிறது, ஹோண்டா இருக்கிறது, மாஸ்டா இருக்கிறது. பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தவன் என் பக்கம் திரும்பி, "ஏன் மாமா, இதுல சுப்ரா இல்ல? டொயோட்டா வண்டி ஒண்ணுகூட இல்லியே! காசு ரொம்பக் கேட்டாங்களா?" என்றான்.

நல்ல கேள்வி. எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்தேன்.

ஒரு காரின் பெயர், முன்னால் இருக்கும் சின்னம், உடம்பின் வடிவம் எல்லாம் அதைச் செய்கிற கம்பெனியின் சொத்து. விளையாட்டில் அந்தக் காரைக் காட்ட அனுமதி வாங்க வேண்டும். ஆரம்ப காலத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1986-இல் சேகா கம்பெனி கொண்டுவந்த அவுட்ரன் விளையாட்டில் ஓடுகிற சிவப்பு வண்டி, பார்த்தால் அச்சு அசல் ஃபெராரி டெஸ்டரோஸாதான். அனுமதி வாங்கவில்லை. 2003-இல் அதன் இரண்டாம் பாகம் வந்தபோது ஃபெராரியிடம் முறைப்படி உரிமம் வாங்கித்தான் செய்தார்கள். இன்று உரிமம் இல்லாமல் உண்மையான காரின் பெயரைச் சொல்லி யாரும் கடை விரிக்க முடியாது. அந்த உரிமத்துக்குக் காலக்கெடுவும் உண்டு. ஃபோர்ஸா ஹொரைஸன் 4 என்ற விளையாட்டு, உரிமங்கள் முடிந்து போனதால் 2024 டிசம்பரோடு விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது.

சில கார்கள் விளையாட்டுக்குள் வராமல் போனதற்குக் காரணம் வெறும் வியாபாரம். போர்ஷேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து 2016 வரை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற ஒரே விளையாட்டுக் கம்பெனியிடம் அந்தப் பெயரின் உரிமை இருந்தது. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஜெர்மனியில் ரூஃப் என்று ஒரு சிறிய கம்பெனி இருக்கிறது. போர்ஷேயின் வெறும் உடம்பை வாங்கி, தன் கைவேலையைச் சேர்த்து, தன் பெயரிலேயே வண்டி விற்கும். அரசாங்கப் பதிவிலும் அது தனி உற்பத்தியாளர். கிரான் டூரிஸ்மோ என்ற இன்னொரு பந்தய விளையாட்டைச் செய்கிறவர்கள் ரூஃபை உள்ளே வைத்தே பல வருடம் ஓட்டினார்கள். பெயர் வேறு, வண்டி அதே வண்டி. பட்டறைக்காரனான எனக்கு அந்த ரூஃப் கம்பெனியின் மேல் தனி மரியாதை உண்டு. சரி, அது இருக்கட்டும்.

டொயோட்டா கதை அப்படி இல்லை. 2003-இல் நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் வந்தபோது சுப்ரா அதில் இருந்தது. ராத்திரி நேரம், ஈரமான தெரு, நியான் விளக்கு, சட்டத்துக்கு வெளியே பந்தயம். அன்றைக்குக் கம்பெனி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மனம் மாறியது. 2018-இல் ஃபோர்ஸா ஹொரைஸன் 4 வந்தபோது, ஆட்கள் தேடித் தேடிப் பார்த்தும் சுப்ரா கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஹீட் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும், ஏன் உங்கள் வண்டி இல்லை என்று சமூக ஊடகத்தில் கேட்டவர்களுக்கு டொயோட்டாவின் பிரிட்டன் கிளை பதில் எழுதியது. எங்கள் வண்டிகள் கிரான் டூரிஸ்மோவில் இருக்கின்றன, சட்டவிரோதத் தெருப் பந்தயத்தை அது ஊக்குவிப்பதில்லை என்பதுதான் அந்தப் பதிலின் சாரம்.

இதைப் படித்து நிறையப் பேர் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு ஒரு பையனின் முகம் ஞாபகம் வந்தது.

என் பட்டறைக்கு ஒரு ஸ்டிக்கர் உண்டு. உள்ளங்கை அகலம், மஞ்சள் நிறம், கறுப்பு எழுத்தில் பட்டறைப் பெயர், கீழே போன் நம்பர். பெரிய வேலை முடித்து அனுப்புகிற வண்டியின் பின் கண்ணாடியில் இடது மூலையில் ஒட்டுவேன். காற்றுக் குமிழ் நிற்காமல் கட்டை விரல் நகத்தால் ஓரம் ஓரமாக நீவி ஒட்டுவது என் பழக்கம். அதை நான் விளம்பரத்துக்கு மட்டும் ஒட்டுவதில்லை. இந்த வண்டியைத் தொட்ட கை என்னுடையது என்று சொல்வதற்காக ஒட்டுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் நம் நாட்டுப் புரோட்டோன் வீராவைக் கொண்டுவந்தான். உங்களுக்கே தெரியும், வீராவும் மிட்சுபிஷி லான்சரும் ஒரே வம்சம். நம் ஊர்ப் பையன்களுக்கு வீரா கிடைத்தால் அதை லான்சரின் வேக ரகமான ஈவோ மாதிரி ஆக்காமல் தூக்கம் வராது. முன் பம்பர், பானெட், பின்னால் ஆள் உயரத்துக்கு இறக்கை எல்லாம் மாற்றியிருந்தான். பிரேக்தான் பழைய பிரேக். அதைச் சரி செய்யத்தான் வந்தான். டிஸ்க், பேட் எல்லாம் மாற்றிக் கொடுத்தேன். காசு எண்ணிக் கொடுக்கும்போது, "அண்ணே, ஸ்டிக்கர் ரெண்டு குடுங்க. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. சனிக்கிழமை ராத்திரி செம்பனை ரோட்டுல ரன் இருக்கு, எல்லாரும் பாப்பாங்க" என்றான்.

"பிரேக் போட்டுக் குடுத்தது நீ உசுரோட வீட்டுக்குப் போகணும்னு, தம்பி. ஸ்டிக்கர் குடுக்க மாட்டேன்."

"காசு வேணும்னாலும் குடுக்கிறேன்ணே."

"காசுக்கு இல்லப்பா. அந்த ரோட்டுல என்ன நடந்தாலும் என் பேரு அங்க நின்னுகிட்டு இருக்கும்."

அவன் முகம் சுண்டிப்போனது. பேசாமல் போய்விட்டான்.

செம்பனை ரோடு என்றால் தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மரம், நடுவில் வளைவே இல்லாத தார் ரோடு, விளக்கு கிடையாது. அதே ரோட்டில்தான் விடிகாலையில் குலை ஏற்றிய லாரி வரும், இரண்டாம் ஷிப்ட் முடித்து மோட்டாரில் பெண்கள் வருவார்கள். அந்த இடத்தில் என் பெயர் நிற்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது போலத்தான் டொயோட்டா கம்பெனிக்கும் தோன்றியிருக்கும். அதே சின்னத்தை மாட்டிய ஹைலக்ஸில் தோட்டத்து மானேஜர் போகிறார். வியோஸில் ஓர் ஆசிரியை நாலு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் போகிறார். போலீஸ் விரட்ட விரட்டத் தப்பினால் மார்க் உண்டு என்கிற விளையாட்டில் அதே சின்னம் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது. வியாபாரக் கணக்கும் உள்ளே இருக்கும், இல்லாமல் இருக்காது. ஆனால் கணக்கு இருப்பதால் காரணம் பொய்யாகிவிடாது.

விளையாட்டு ஆடுகிறவன் எல்லாம் ரோட்டில் பந்தயம் விடுவான் என்று நான் சொல்லவில்லை. என் அக்கா மகன் சைக்கிளைக்கூட நிதானமாகத்தான் ஓட்டுகிறான். டொயோட்டாவும் பந்தயத்துக்குப் பகையான கம்பெனி இல்லை. 2018-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை முதல் முறையாக வென்றார்கள். வேகத்தை அவர்கள் மறுக்கவில்லை, வேகத்துக்கு உரிய இடம் எது என்பதில்தான் கறாராக இருந்தார்கள். அந்த வீராப் பையன் செப்பாங் பந்தயத் தடத்தில் காசு கட்டி ஓட்டப் போகிறேன் என்று வந்திருந்தால், நானே நாலு ஸ்டிக்கரை நீவி ஒட்டி அனுப்பியிருப்பேன்.

மறுப்பதில் நஷ்டமும் உண்டு. லான்சர் ஈவோ அமெரிக்காவில் முறையாக விற்பனைக்கு வந்ததே 2003-இல்தான். அதற்கு முன்பே அங்கே இளைஞர்களுக்கு அந்தக் கார் தெரியும். எப்படி? 1997-இல் தொடங்கிய கிரான் டூரிஸ்மோவில் வீட்டில் உட்கார்ந்தே ஓட்டியிருந்தார்கள். பதினாறு வயதில் மனதில் ஏறிய வண்டியைத்தான் முப்பது வயதில் கடன் போட்டாவது வாங்குவான். டொயோட்டாவுக்கும் இது புரிந்திருக்க வேண்டும். 2021-இல் வந்த ஃபோர்ஸா ஹொரைஸன் 5-இல் அவர்கள் வண்டி திரும்பவும் இருக்கிறது.

இது வரைக்கும் நான் கம்பெனிக்காரர்கள் பக்கம். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களோடு எனக்குக் கடுமையான சண்டை.

பல கம்பெனிகள் வண்டியைக் கொடுக்கும்போதே, அது மோசமாக நசுங்குவதைக் காட்டக் கூடாது என்று நிபந்தனை போடுவார்கள். கிரான் டூரிஸ்மோவில் 2010-இல் ஐந்தாம் பாகம் வரும் வரை கண்ணுக்குத் தெரிகிற சேதம் என்பதே கிடையாது. மோதுவதையே விளையாட்டாக்கிய பர்ன்அவுட், உண்மையான கார் எதையும் வைக்காமல் கற்பனைக் கார்களை வைத்துத்தான் வந்தது. தன் வண்டி தகர டப்பா மாதிரி நசுங்குவதை வாங்கப் போகிறவன் பார்த்துவிடக் கூடாது என்ற பயம்.

என் பட்டறைக்கு லாரியில் ஏற்றி வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். என்ன வண்டி என்பது முக்கியமில்லை. செம்பனை மரத்தில் மோதியிருந்தது. முன் சக்கரம் கால் வைக்கிற இடத்துக்கே வந்திருந்தது. ஸ்டீரிங் வட்டம் மேல் பக்கமாக மடங்கிப்போயிருந்தது. கதவைத் திறக்க முடியாமல் தீயணைப்புக்காரர்கள் வெட்டிய தகடு இலை மாதிரி சுருண்டிருந்தது. உள்ளே பிரேக் எண்ணெய் வாடை. மிதிப் பாயில் ஒற்றைச் சிலிப்பர், வார் அறுந்து கிடந்தது. நான் அதை எடுத்துக் கழுவி, அந்த வண்டியை ஓட்டிய பையனின் அப்பா வந்தபோது ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு அங்கேயே என் டூல் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பையன் பிழைத்தான். இப்போதும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான்.

அன்றைக்கு ஹாலில் என் அக்கா மகன் நூற்றெண்பதில் போய்ச் சுவரில் இடித்தான். பம்பரில் ஒரு கீறல். கண் மூடித் திறப்பதற்குள் வண்டி மறுபடியும் ரோட்டில் நிற்கிறது. ஒரே ராத்திரியில் அப்படி எத்தனை தடவை இடித்தான் என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போலீஸ் துரத்துவது கதை என்று அவனுக்குத் தெரியும். இரும்பு மடங்காது என்பதும் கதைதான் என்று அவனுக்கு யார் சொல்லுவது? பெயர் கெட்டுவிடும் என்று தெருப் பந்தயத்துக்குக் கதவைச் சாத்துகிறவர்கள், இடித்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டத் தாராளமாகக் கதவைத் திறக்க வேண்டும். நொறுங்கட்டும். நொறுங்கிய வண்டிக்கு அந்த ஆட்டம் அத்தோடு முடியட்டும்.

நம் நாட்டுக் கார்க் கம்பெனி ஒன்றிடம் நாளை இப்படி ஒரு விளையாட்டுக்காரர் வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். தெருவுக்குக் கொடுக்காதீர்கள். மண் பாதையிலும் காட்டு வழியிலும் நேரத்தோடு போட்டி போடுகிற ராலிக்குக் கொடுங்கள். 2002-இல் உலக ராலியில், கடையில் விற்கிற ரகக் கார்களுக்கான தயாரிப்புக் கார்ப் பிரிவில் வாகை சூடியவர் நம் மலேசியர் கரம்ஜிட் சிங். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவர் ஆலன் ஓ. ஓட்டியது புரோட்டோன் பெர்ட். என் அக்கா மகனுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. நான் போனில் படத்தைக் காட்டியதும், "இது நம்ம வண்டியா மாமா?" என்று இரண்டு தடவை கேட்டான். அந்த வண்டியை அவன் ஒரு செம்மண் பாதையில், பக்கத்து சீட்டிலிருந்து ஒருவர் வளைவுக்கு வளைவு வழி சொல்லச் சொல்ல, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.